தின்பதற்கல்லாத ரொட்டி

ஏழு பெண்கள் இருக்கிறார்கள் இந்த ஒரு தலையில்.
என் கைக்குத் தெரியும்.
இது முட்புதர் எரித்துச் சமைக்கிறவள், புகை போகவில்லை.
இது மீன்கூடைக்காரி, உப்புக்காற்றில் தடித்த இழை.
இந்தச் செம்பட்டையில் இன்னும் வெண்ணெய் வாசம்.
இதிலே ஒரு முடிச்சு,
எத்தனை சீவினாலும் அவிழாது.
கோபத்தில் பின்னியிருக்கிறாள் யாரோ.
சந்தையில் தலையைக் கொடுத்து
லோரியான் துறையில் வந்திறங்கிய சீட்டித்துணி
நாலு முழம் வாங்கிக்கொண்டு
வெள்ளைக் குல்லாயை இழுத்து மூடிப் போய்விட்டார்கள்.
உள்ளே என்ன குறைந்ததென்று
பாதிரியாருக்கும் தெரியாது.

ரென் நகர நீதிமன்றத்துத் திரேவெலெக் துரைக்குச் செய்தது இது.
மூன்று அடுக்குச் சுருள் கேட்டார்.
குற்றவாளி நிமிர்ந்தால்
முகத்துக்கு முன்னே முடி தெரியவேண்டுமாம்.

களிமண் உருளையில் கூந்தலைச் சுற்றுவேன்.
மூன்று மணி நேரம் கொதிக்கவிடுவேன்.
உலர்த்தி, காகிதம் சுற்றி,
ரை மாவு பிசைந்து அதற்குள் பொதிந்து
எதிர்க்கடை ரொட்டி அடுப்பில் வைப்பேன்.
மாவு வேகும். சுருள் நிலைக்கும்.
மேலோட்டை உடைத்து நாய்க்கு எறிவோம்.
நாயும்
ஒருமுறை முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைக்கும்.

அந்த வருஷம் கோதுமை கண்ணில் படவில்லை.
விடியுமுன்னே ரொட்டிக்கடை வாசலில் வரிசை,
பிள்ளையை இடுப்பிலும் சண்டையை நாக்கிலும் வைத்துக்கொண்டு.
துரைமார் தலையில் தூவுகிற மாவு மட்டும்
மூட்டை மூட்டையாய் வந்தது,
வெள்ளை வெளேரென்று.

குல்வென் என்று ஒரு பையன்.
பத்தோ, பதினொன்றோ.
ஜன்னலில் ஆற வைத்திருந்ததை
அடுப்புக்காரன் திரும்புவதற்குள்
சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான்,
வயிறு சுட்டதாம்.
வில்லேன் ஆற்றுப் பாலத்தடியில் உட்கார்ந்து உடைத்தான்.
இறைச்சி இல்லை. ஆப்பிள் இல்லை.
ஆவி பறக்க
ஏழு பெண்களின் கூந்தல்.

அலறினான் என்கிறார்கள். அலறியிருப்பான்.
அலறி முடித்து
ஓடு முழுவதையும் தின்றிருக்கிறான்.
பிடித்தபோது பல்லிடுக்கில்
ஒற்றைச் செம்பட்டை முடி.
அதுதான் சாட்சி.

வழக்குப் போனது திரேவெலெக் துரையிடமே.
பழைய முடியை எங்களிடம் கழித்துக் கொடுத்திருந்தார்,
அதை ஒரு பத்திர எழுத்தர் வாங்கி
மாட்டிக்கொண்டு திரிகிறார்.
துரையோ வீட்டுக்குள்
உரித்த முட்டை போன்ற தலையில் கம்பளிக் குல்லாய்.
அப்படியே போய்த் தீர்ப்புச் சொல்லலாமே என்றேன்.
முதலாளியம்மா சிரித்துச் சிரித்து
ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.
முடி இல்லாமல்
முடியாது.

ஆற்றுச் சேற்றிலிருந்து பொறுக்கி வந்ததை
மறுபடி கழுவி, மறுபடி சுற்றி, மறுபடி வேகவைத்தேன்.
பதினோரு நாள்.
என் கூலியில் பாதி போயிற்று.
ஒன்பதாம் இரவு, கைதிக்குச் சோறு போட்டுச் சலித்த
சிறைக்காவலன் போத்ரெல்
பின்கதவைத் திறந்துவிட்டான்.
மேலதிகாரி கேட்டதற்கு
மயிர் வழக்கு, ஐயா என்றானாம்.
பொய்யில்லை.

பன்னிரண்டாம் நாள்
மூன்று அடுக்கோடு வந்து அமர்ந்தார் துரை.
எதிரே காலிக் கூண்டு.
அந்த முடிச்சு
அவர் வலது காதுக்குப் பின்னால் இருக்கிறது.
அடிக்கடி அங்கே சொறிகிறார் என்று கேள்வி.

மாவு அளப்பது இன்றும் நான்தான்.
மேலோட்டை இப்போதெல்லாம்
கொஞ்சம் தடிப்பாகத் தட்டுகிறேன்.
ஒரு கைப்பிடி உப்பும் போடுகிறேன்.
ஜன்னலில்
தெருப்பக்கமாய் ஆற வைக்கிறேன்.
எதற்கு உப்பு என்று முதலாளியம்மா கேட்டாள்.
சுருள் நன்றாக நிற்கும் என்றேன்.